சார்டின் டின்னைத் தள்ளி வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் சமையல் பகுதியில் ‘இந்தோனீசிய ஃப்ரைட் ரைஸ்’ என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. பாஸ்மதி அரிசி, குடைமிளகாய், கேரட், முட்டைகோஸ், மிளகுத்தூள், சோயா சாஸ், கடைசியில் ஒரு கரண்டி வினிகர். படம் அழகாக இருந்தது, செய்தால் நன்றாகவும் இருக்கும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அது இந்தோனீசியச் சாப்பாடு இல்லை. குறிப்பின் கீழே, “இறால் அல்லது கோழி சேர்க்கலாம், டின்னில் அடைத்த மீன் போன்ற மலிவான பொருள்களைத் தவிர்ப்பது நல்லது” என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரி இரண்டு நாளாக என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் இருக்கிறேன். என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு அவரைப் பார்த்துக்கொள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு பணிப்பெண் வந்தார், 9 ஆண்டுகள் இருந்தார். ஜாவாவில் அக்காவை ‘ம்பாக்’ என்பார்கள், என் பிள்ளைகள் வாயில் அது ‘எம்பாக்’ என்று ஆகி, பிறகு வீட்டில் எல்லாருக்கும் அவர் எம்பாக்தான். ஊர் கிழக்கு ஜாவாவின் பன்யுவாங்கி மாவட்டத்தில் முன்ச்சார். கடலுக்கு அந்தப் பக்கம் பாலித் தீவு, நடுவில் இருக்கும் நீரிணையில்தான் அவர்கள் மீன் பிடிக்கிறார்கள். அங்கே கிடைக்கும் மீனுக்கு லெமுரு என்று பெயர். நம் ஊர்களில் நெய்மத்தி என்று சொல்கிறோமே, அதற்கு நெருங்கிய சொந்தம், ஒரே இனக் குடும்பம். நிலா இல்லாத இரவுகளில் இரண்டு பெரிய படகுகள் ஜோடியாகப் போய் வலையை வளைத்துப் போட்டு அள்ளிக்கொண்டு வருவார்களாம்.

அள்ளிக்கொண்டு வந்த மீன் எங்கே போகும்? அதில் நிறைய டின்னுக்குப் போகும், கடையில் சார்டின் என்று விற்கிறார்களே, அதுதான். முன்ச்சாரில் துறைமுகத்தை ஒட்டியே மீன் அடைக்கும் ஆலைகள் இருக்கின்றன. எம்பாக்கின் தாயார் அப்படி ஓர் ஆலையில் மீன் தலை வெட்டும் வரிசையில் வேலை பார்த்தவர். எத்தனை கூடை வெட்டினார்களோ அத்தனைக்குத்தான் கூலி, மீன் வராத நாளில் கூலியும் இல்லை. நடுவில் சில ஆண்டுகள் லெமுரு வரத்து மிக மோசமாகக் குறைந்து, ஆலைகள் வெளிநாட்டிலிருந்து உறைந்த மத்தியை வரவழைத்து அடைத்த காலமும் உண்டு. அந்தக் காலத்தில்தான் எம்பாக் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பி வந்தார். நாம் சூப்பர் மார்க்கெட்டில் விலை பார்த்து எடுத்து, பிடிக்கவில்லை என்றால் திரும்ப வைத்துவிட்டுப் போகிற அந்தச் சிவப்பு டின் அவருக்கு ஊர், அம்மா, பள்ளிக்கூடச் சம்பளம் எல்லாம். அதனால் ‘மலிவான பொருள், தவிர்க்கவும்’ என்று அச்சில் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

சரி, சமையலுக்கு வருகிறேன்.

நீங்கள் ஃப்ரைட் ரைஸ் என்று போட்டதற்கு அங்கே நாசி கோரேங் என்று பெயர். நாசி என்றால் சோறு, கோரேங் என்றால் பொரிப்பது அல்லது வறுப்பது. பேரே அவ்வளவுதான். 2018-ல் இந்தோனீசியச் சுற்றுலா அமைச்சு தேசிய உணவு என்று 5 பதார்த்தங்களைத் தேர்ந்தெடுத்தது. சோத்தோ, ரெண்டாங், சாத்தே, காடோ காடோ, அவற்றோடு நாசி கோரேங். அவ்வளவு பெருமை இருந்தாலும் வீட்டில் அது முந்தின நாள் இரவு மிஞ்சிய சோற்றில் காலைப் பசியாறலுக்குச் செய்கிற சாப்பாடு. நம் வீடுகளில் மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றிப் பழைய சோறாக்கினோம், அவர்கள் குவாலியில், அதாவது வாணலியில், போட்டு வறுத்தார்கள். சோற்றை வீணாக்கக் கூடாது என்ற நினைப்பு இரண்டு பக்கமும் ஒன்று. ராத்திரியில் தள்ளுவண்டியில் விற்பவர்களும் உண்டு, குவாலியையோ மரக்கட்டையையோ தட்டிக்கொண்டே தெருவில் வருவார்கள். அந்தச் சத்தத்தை வைத்தே ஜகார்த்தா பக்கம் ‘தெக் தெக்’ என்றும் சுரபாயா பக்கம் ‘டொக் டொக்’ என்றும் பெயர். ஜகார்த்தாவில் கெபோன் சிரி தெருவில் ஆட்டிறைச்சி போட்டுச் செய்வது 1958 முதல் பேர் பெற்றது. யோக்யகார்த்தாவில் கரி அடுப்பில் ஒவ்வொரு தட்டாகச் செய்து தருவார்கள். ஊருக்கு ஒரு விதம். ஆனால் பெரும்பாலான விதங்களில் அடியில் இருப்பது மூன்று. இடித்த மசாலா, தெராசி, கெச்சாப் மானிஸ். உங்கள் குறிப்பில் இந்த மூன்றும் இல்லை.

தெராசி என்பது நமக்குத் தெரிந்த பிளாச்சான்தான், பொடி இறாலை உப்புப் போட்டுப் புளிக்க வைத்து, இடித்து, வெயிலில் காயவைத்த கட்டி. கெச்சாப் மானிஸ் என்பது இனிப்பு கிச்சாப். சோயாவைப் புளிக்க வைத்து எடுத்த சாற்றில் ஜாவாவின் பனை, தென்னை வெல்லத்தைக் கொட்டித் தேன் பதத்துக்குக் காய்ச்சியது. சாதாரண சோயா சாஸைப் போட்டால் உப்பும் நிறமும் கிடைக்கும், சோற்றின் மேல் ஒட்டிக்கொண்டு லேசாகக் கருகி மணக்கிற அந்த இனிப்பு கிடைக்காது. கடையில் இல்லை என்றால் சோயா சாஸும் நுணுக்கிய குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லம் அல்லது கருப்பட்டியும் சம அளவு எடுத்துச் சின்னத் தீயில் கரைத்துக் கெட்டியாக்கிக்கொள்ளலாம், நான் அப்படியும் செய்திருக்கிறேன், 10 நிமிட வேலை. இங்கே தேக்கா சந்தையிலேயே எல்லாம் கிடைக்கிறது என்பதால் இதைக் கிடைக்காத பொருள் என்று யாரும் சொல்ல முடியாது.

அப்புறம் டின் மீன். இது இந்தோனீசிய வீடுகளில் எவ்வளவு சாதாரணம் என்றால், அங்கே மாதக் கடைசி நாள்களுக்கு ‘முதிய தேதி’ என்று பொருள்படும் ஒரு சொல்லே இருக்கிறது. சம்பளம் கரைந்து கை காலியான அந்த நாள்களில் முட்டையும் உடனடி நூடல்ஸும் சார்டின் டின்னும்தான் துணை. வாடகை அறையில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் ஒரு டின்னை இரண்டு பேராகப் பிரித்துக்கொள்வார்கள். எம்பாக் வீட்டில் அப்படியே சோற்றோடு சாப்பிட்டால் 155 கிராம் டின் இரண்டு பேருக்குத்தான் வரும், சோற்றைப் பிரட்டும்போது அதில் போட்டால் நான்கு பேரும் மீன் சாப்பிட்ட திருப்தியோடு எழுந்திருப்பார்கள். அவர் தாயார் கண்டுபிடித்த கணக்கு என்று நினைத்திருந்தேன், பிறகுதான் தெரிந்தது அது ஜாவா முழுக்க எல்லா அம்மாக்களுக்கும் தெரிந்த கணக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுரபாயா, மகாசார் பக்கத்து நாசி கோரேங் கறுப்பாக இருக்காது, தக்காளி சாஸ் சேர்த்துச் சிவப்பாக இருக்கும். சார்டின் டின்னில் தக்காளிக் குழம்பு ஏற்கனவே இருக்கிறது. அதனால் எம்பாக் ஊர்ப்பக்கம் இது ஒட்டுப்போட்ட சமையலாகத் தெரியாது, பழகின சிவப்புச் சோறுதான்.

எங்கள் வீட்டில் செய்வது எப்படி என்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன், வாசகர்கள் செய்து பார்க்கட்டும். மூன்று நான்கு பேருக்கு நான்கு கப் வடித்த சோறு, சிறிய சார்டின் டின் ஒன்று.

முதல் விஷயம் சோறு. முந்தின நாள் வடித்ததாக இருக்க வேண்டும், குளிர்பதனப் பெட்டியில் இருந்ததாகவும் இருக்க வேண்டும். ஆறும்போது சோற்றின் மாவுச்சத்து இறுகி மேல் ஈரம் போய்விடும், அதனால்தான் குவாலியில் போட்டதும் பருக்கை பருக்கையாகப் பிரிகிறது. சூடான சோற்றைப் போட்டால் களிதான். ஆனால் இந்தப் பழைய சோறு என்பதை அடுப்பு மேலேயே விடியும்வரை மூடி வைத்த சோறு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வெந்த சோறு வெளியே வெதுவெதுப்பாக மணிக்கணக்காகக் கிடந்தால் அதில் வளரும் கிருமி விடும் நச்சு மறுபடி வறுத்தாலும் போகாது, வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும். சாப்பிட்டு முடித்ததும் தட்டில் பரப்பி ஆறவைத்து உடனே உள்ளே வைத்துவிடுங்கள். அரிசி பாஸ்மதி வேண்டாம், நீள நீளமாக உதிர்ந்து மசாலா ஒட்டாமல் நழுவிவிடும். தாய்லாந்து மல்லிகை அரிசியோ பொன்னிப் பச்சரிசியோ போதும். சமைக்கும் முன் கையை நனைத்துக்கொண்டு கட்டிகளை உதிர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கரண்டியால் குவாலியில் வைத்து உடைத்தால் சோறு நசுங்கும்.

அடுத்தது மசாலா. சின்ன வெங்காயம் 7, பூண்டு 3 பல், காயாத சிவப்பு மிளகாய் 4, காரம் வேண்டுமானால் ஊசிமிளகாய் இரண்டு. தெராசி ஒரு சுண்டைக்காய் அளவு, அதைக் கரண்டியில் வைத்து நெருப்பில் காட்டி வாட்டிக்கொள்ள வேண்டும், பச்சையாகப் போடக் கூடாது. எல்லாவற்றையும் கல்லில் வைத்து இடிக்க வேண்டும். மிக்ஸியில் அரைத்தால் ஆகாதா என்று நானும் கேட்டேன். ஆகும், ஆனால் மிக்ஸிக்குத் தண்ணீர் விட வேண்டியிருக்கும், அந்தத் தண்ணீர் வற்றுகிறவரை வெங்காயம் வேகுமே தவிர வறுபடாது. எம்பாக் ஊரிலிருந்து வரும்போதே துணிக்குள் சுற்றித் தன் தட்டையான கல்லையும் குழவியையும் கொண்டுவந்திருந்தார். அரைக்கும்போது குழவியைத் தூக்கிக் குத்த மாட்டார், மணிக்கட்டை வளைத்துத் தேய்ப்பார். ஒன்றும் பாதியுமாகத்தான் இருக்கும், அதுவே சரியான பதம்.

இப்போது டின். நான் தனியாக முதல்முறை செய்தபோது டின்னைத் திறந்து குழம்போடு அப்படியே குவாலியில் கவிழ்த்தேன், இரண்டு நிமிடத்தில் எல்லாம் சிவப்புக் கஞ்சியாகிவிட்டது. மீன் எங்கே போனது என்றே தெரியவில்லை, அம்மா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார். அம்மா சாப்பாட்டை ஒதுக்குவது எங்கள் வீட்டில் சின்ன விஷயம் இல்லை, அந்தச் சமயத்தில் அவர் எடை குறைந்துகொண்டே போனது. அன்றைக்கு ராத்திரியே எம்பாக்குக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவர் சொன்னதுதான் இது.

டின்னில் இருக்கிற மீன் ஏற்கனவே முழுதாக வெந்தது. மூடிய டின்னை 115, 120 டிகிரிச் சூட்டில் நீராவி அழுத்தத்தில் வைத்து எடுப்பதால்தான் நடுமுள் விரலால் நசுக்கினால் மாவாகிற அளவுக்கு மென்மையாக இருக்கிறது. ஆகவே அதை வேக வைக்க வேண்டியதில்லை, உடையாமல் காப்பாற்றி மேலே கொஞ்சம் மொறுமொறுப்பு ஏற்றினால் போதும். மீனைக் குழம்பிலிருந்து தனியே எடுத்து வழித்துவிட்டு, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து காகிதத்தில் ஒற்றி வைக்கவும். முள்ளைத் தூக்கி எறியாதீர்கள், சாப்பிடலாம், சுண்ணாம்புச் சத்து அதில்தான் இருக்கிறது. பிள்ளைகள் அடம்பிடித்தால் மட்டும் எடுத்துவிடுங்கள். குவாலியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், நன்றாகக் காய்ந்ததும் மீனைத் தோல் பக்கம் கீழே வைத்து ஒரு நிமிடம், திருப்பி அரை நிமிடம். டின் மீனுக்கு என்று ஒரு வாடை இருக்கிறது, பலருக்குப் பிடிக்காதது அதுதான், அது இந்த ஒன்றரை நிமிடத்தில் போய்விடும். எடுத்துத் தட்டில் வைத்துவிடுங்கள்.

அதே எண்ணெயில் இடித்த மசாலா. தீ நடுத்தரம். அவசரப்படவே கூடாத இடம் இது. முதலில் பச்சை வாடை வரும், பிறகு தெராசி வாடை மூக்கில் ஏறும், பிறகு அந்த இரண்டும் ஒன்றாகி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, மசாலா நிறம் மங்கிச் செங்கல் நிறத்துக்கு வரும். அதற்கு எனக்கு 5 நிமிடம் பிடிக்கிறது. அப்போது டின் குழம்பில் இரண்டு கரண்டி மட்டும் ஊற்றி, அதுவும் சுண்டி ஒட்டுகிற பதம் வரும்வரை வதக்க வேண்டும். மிச்சக் குழம்பைப் பத்திரப்படுத்துங்கள், மறுநாள் முட்டைக்கு ஊற்றிக்கொள்ளலாம். மசாலாவை ஓரம் தள்ளி ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கலைத்துவிட்டு, தீயை முழுதாக ஏற்றிச் சோற்றைக் கொட்டுங்கள். நான்கு கப்பையும் ஒரே தடவையில் போடாமல் இரண்டு தடவையாகச் செய்தால் இன்னும் நல்லது, வீட்டு அடுப்பின் தீ காப்பிக் கடை அடுப்பின் தீ இல்லை, நிறையப் போட்டால் சோறு வறுபடாமல் வியர்த்துவிடும்.

சோறு சூடாகி ஒன்றிரண்டு பருக்கை துள்ள ஆரம்பிக்கும்போது கெச்சாப் மானிஸ் ஒன்றரை மேசைக்கரண்டி. சோற்றின் நடுவில் ஊற்றாமல் குவாலியின் பக்கவாட்டில், சூடான இரும்பில் படுகிற மாதிரி சுற்றி ஊற்ற வேண்டும். அது சுர்ரென்று கொதித்து வெல்லம் கருகும் மணம் எழும்பும், அந்த மணம்தான் நாசி கோரேங். உடனே பிரட்டுங்கள். உப்பு இதுவரை போடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தெராசியில் உப்பு, டின் குழம்பில் உப்பு, கிச்சாப்பில் உப்பு. ருசி பார்த்துவிட்டுத் தேவை என்றால் மட்டும் போட வேண்டும், எங்கள் வீட்டில் போடுவதே இல்லை. கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு மீனைச் சேர்த்து, கிளறாமல், அடியிலிருந்து இரண்டு முறை தூக்கிப் புரட்டினால் போதும். துண்டு துண்டாகத் தெரிய வேண்டும்.

மேலே ஓரம் மொறுமொறுப்பான ஒற்றை முட்டை. இந்தோனீசியாவில் அதற்கு ‘மாட்டுக்கண்’ என்று பெயர். பக்கத்தில் வெள்ளரித் துண்டு, பொரித்த வெங்காயம், குருப்போக் என்கிற அப்பளம், கைக்கு ஓர் எலுமிச்சைத் துண்டு. சார்டினுக்கு எலுமிச்சை இல்லாமல் இருக்கக் கூடாது, டின் மீனின் கொழுப்பை வெட்டுகிறது.

உடல்நிலை பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்காக இதையும் எழுதிவிடுகிறேன். டின் மீனில் உப்பு அதிகம், ரத்த அழுத்தம் இருக்கிறவர்கள் குழம்பைத் தவிர்த்து மீனை மட்டும் போடலாம். யூரிக் அமிலத் தொந்தரவு இருப்பவர்களுக்கு மத்தி ஆகாது, மருத்துவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2018 மார்ச்சில் இந்தோனீசிய உணவு, மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 27 முத்திரைகளின் டின் கானாங்கெளுத்தியில் புழு இருந்ததாக அறிவித்தது, அந்தச் செய்தி இங்கேயும் பரவி என் அக்கா இன்றுவரை டின் பக்கமே போவதில்லை. அது நடந்தது, மறைக்க வேண்டாம். அந்த அமைப்பே பரிசோதித்து அறிவித்து, பிரச்சினை இருந்த சரக்கைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. நாம் செய்ய வேண்டியது நசுங்கியதையும் உப்பியதையும் துரு ஏறியதையும் வாங்காமல் இருப்பது, தேதி பார்ப்பது, திறந்த டின்னை அப்படியே உள்ளே வைக்காமல் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி ஒன்றிரண்டு நாளில் முடித்துவிடுவது. இவ்வளவுதான். இதற்காக ஓர் உணவையே கீழ்த்தரம் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

இப்போது எனக்குச் சொல்லக் கஷ்டமான ஒன்றைச் சொல்ல வேண்டும். எம்பாக் வந்த முதல் இரண்டு ஆண்டுகள் எங்கள் வீட்டில் அவர் இதைச் செய்யவே இல்லை. ஏனென்றால் வந்த முதல் வாரத்தில் அவர் தெராசியை நெருப்பில் காட்டியபோது, வீடெல்லாம் நாற்றம், பக்கத்து வீட்டில் என்ன நினைப்பார்கள், இனிமேல் வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். நாங்கள் கருவாடு பொரிக்கிற குடும்பம். அதைப் பற்றி ஒரு நொடிகூட நினைக்காமல் சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, அந்தக் கட்டியை மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றித் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். எங்கள் ரசமும் சாம்பாரும் புளிக்குழம்பும் கற்றுக்கொண்டு எங்களுக்குச் சமைத்தார், தானும் அதையே சாப்பிட்டார். தன் சாப்பாட்டைச் சாப்பிடுவதற்கு அவருக்கு விடுமுறை நாள் வர வேண்டும். பாய லேபார் சிட்டி பிளாசாவில் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்திருக்கிறீர்களா? இந்தோனீசியப் பெண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கே போனால் அவர் ஒரு தட்டு நாசி கோரேங் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருவார், இதையும் அவர் சொல்லி எனக்குத் தெரியவில்லை, ஒருநாள் நானும் கூடப் போனபோது பார்த்தேன்.

எங்கள் வீட்டில் அது நுழைந்தது அம்மாவால்தான். பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்கு வாய் ருசியே போய்விட்டது, எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்பார். நானும் கணவரும் வேலைக்குப் போன ஒரு பகலில், வீட்டில் மீனும் கறியும் இல்லாமல், அலமாரியில் இருந்த ஒரு சார்டின் டின்னை எடுத்து எம்பாக் தனக்காக இதைச் செய்திருக்கிறார். சமையலறையிலிருந்து வந்த மணத்தைப் பிடித்து அம்மா கூப்பிட்டு, அது என்ன என்று கேட்டு, ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டிருக்கிறார். அம்மா சிறுமியாக இருந்தபோது அவர் அம்மா, அதாவது என் பாட்டி, பிளாச்சான் வாட்டிச் சம்பல் இடிப்பார் என்று அன்றைக்குத்தான் எனக்கே சொன்னார். நான் வேலை முடிந்து வந்தபோது எம்பாக் பயந்துபோய் நின்றார், ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. அந்த முகம் எனக்கு மறக்காது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், ஆனால் இரண்டு ஆண்டு தாமதமாகக் கேட்டேன்.

அதனால்தான் ‘மலிவான பொருள்’ என்ற சொல்லை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. உங்கள் பத்திரிகையைப் படிக்கிற எத்தனையோ வீடுகளில் சமையல் செய்வது ஜாவாவிலிருந்தும் சுமத்ராவிலிருந்தும் வந்த பெண்கள். தோசைக்கு மாவு அரைக்கவும் அவர்களுக்குத் தெரியும். அந்த வீட்டம்மா உங்கள் குறிப்பைக் கத்தரித்துக் கையில் கொடுத்து, உங்கள் ஊர்ச் சாப்பாடாம், இப்படிச் செய் என்று சொன்னால், பாஸ்மதியும் குடைமிளகாயும் போட்டு அவர்கள் செய்து கொடுப்பார்கள், ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எம்பாக்கும் ஒன்றும் சொல்லாமல்தான் இரண்டு ஆண்டு இருந்தார்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த வாரம் ஒரு திருத்தம் போடுங்கள். இடித்த மசாலா, தெராசி, கெச்சாப் மானிஸ் மூன்றையும் சேர்த்து நாசி கோரேங் குறிப்பை மறுபடி வெளியிடுங்கள், டின் மீன் பற்றிய அந்த வரியை எடுத்துவிடுங்கள். இனி அண்டை நாட்டுச் சமையல் எதையாவது வெளியிடும்போது அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். தேடி அலைய வேண்டாம், உங்கள் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களின் வீடுகளிலேயே இருப்பார்கள்.

எம்பாக் 4 ஆண்டுகளுக்கு முன் ஊருக்குத் திரும்பிவிட்டார். உங்கள் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினேன், தெராசி இல்லையா என்று மட்டும் கேட்டார். நீங்கள் திருத்தம் போடுவதாக இருந்தால் அவரே அளவுகளைச் சொல்லத் தயாராக இருக்கிறார், மலாயில் பேசினால் போதும். அழைப்பதானால் நம் நேரம் காலை 11 மணிக்குப் பிறகு அழைக்கச் சொன்னார், அங்கே அப்போது 10 மணி, அதற்கு முன் சந்தையில் இருப்பார். எண்ணை உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்